விண்கல்லுக்கு இரண்டு வேகங்கள்

விண்கற்கள் எவ்வளவு வேகத்தில் பூமியில் மோதுகின்றன, சின்னக் கல் விழுந்தாலும் பெரிய பள்ளம் உண்டாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த இடத்து வேகம் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. வளிமண்டலத்துக்குள் நுழையும்போது ஒரு வேகம், தரையைத் தொடும்போது வேறொரு வேகம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, கைக்கு அடக்கமான ஒரு கல் மணிக்கு 60,000 கிலோமீட்டர் வேகத்தில் வந்து வீட்டுக் கூரையில் ஓட்டை போட்டது என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஒரு கிலோ எடையுள்ள கல் அந்த வேகத்தோடு தரைவரை வந்திருந்தால் அது முப்பது கிலோவுக்கு மேற்பட்ட டி.என்.டி. வெடிமருந்து வெடித்ததற்குச் சமம். ஓட்டையைக் காட்டுவதற்குக் கூரை மிஞ்சியிருக்காது.

முதலில் நுழையும் வேகம். வினாடிக்கு 11 கிலோமீட்டருக்குக் குறைவாக எந்தக் கல்லும் வெளியிலிருந்து வர முடியாது. தொலைவில் சும்மா கிடந்த கல்லைப் பூமி இழுத்தாலே, இங்கே வந்து சேர்வதற்குள் அவ்வளவு வேகம் ஏறிவிடும். மேல் எல்லை ஏறக்குறைய 72 கிலோமீட்டர். சூரியனின் பிடியில் உள்ள ஒரு பொருள் நம் தொலைவில் அதிகபட்சம் வினாடிக்கு 42 கிலோமீட்டர் வேகத்தில் போகலாம். பூமி 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. நேருக்கு நேர் வந்தால் இரண்டையும் கூட்ட வேண்டியதுதான். சிறுகோள்களிலிருந்து பிரிந்த கற்கள் பெரும்பாலும் நாம் சுற்றும் திசையிலேயே சுற்றுவதால், அவை வினாடிக்கு 20 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில்தான் வருகின்றன.

இந்த வேறுபாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். நவம்பரில் வரும் லியோனிட் எரிகற்கள் நம்மை எதிர்கொண்டு வருபவை, 71 கிலோமீட்டர். டிசம்பர் ஜெமினிட் எரிகற்கள் அதில் பாதி, 35. இரண்டுக்காகவும் கண்விழித்துக் காத்திருந்திருக்கிறேன். லியோனிட் ஒரு கோடு கிழித்துவிட்டு மறைந்துவிடும், பார்த்தோமா இல்லையா என்ற சந்தேகம்தான் மிஞ்சும். ஜெமினிட்டோ பக்கத்தில் இருப்பவரை "அதோ" என்று தட்டிக் கூப்பிட ஓரளவு அவகாசம் தரும்.

இனி தரை. இடையில் இருப்பது வெறும் காற்றுதானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மேலே நிற்கும் காற்றின் எடை 10 டன்! வருகிற கல் தன் எடைக்கு நிகரான காற்றை முட்டித் தள்ள நேர்ந்தால் அதன் வேகத்தில் பெரும்பகுதி போய்விடும். சாதாரணப் பாறையில் மூன்று மீட்டர் உயரத் தூண், சதுர மீட்டருக்கு அதே 10 டன்தான் இருக்கும். எனவே ஓரிரு மீட்டர் அளவுள்ள கல்லுக்குக் காற்று ஒரு சுவர். ஐம்பது மீட்டர் இரும்புக்கு அது ஒரு திரைச்சீலை.

சின்னக் கல் பொதுவாக இருபது கிலோமீட்டர் உயரத்திலேயே தன் விண்வெளி வேகத்தை முழுவதும் இழந்து அணைந்துவிடும். அதன்பின் அது மாடியிலிருந்து கை நழுவிய கல்லைப் போன்றதுதான். ஒரு கிலோ கல் மணிக்கு 200, 300 கிலோமீட்டர் வேகத்தில் தரைக்கு வரும். தலையில் விழுந்தால் ஆள் பிழைக்க மாட்டார், ஆனால் தரையில் ஒரு சாண் குழிக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். 1954இல் அமெரிக்காவின் அலபாமாவில், சோபாவில் படுத்திருந்த ஒரு பெண்மீது ஏறக்குறைய 4 கிலோ எடையுள்ள விண்கல் விழுந்தது. கூரையைப் பிய்த்து, வானொலிப் பெட்டியில் பட்டுத் தெறித்து அவர் இடுப்பில் இடித்தது. பெரிய கன்றிப்போன காயம், அவ்வளவுதான்.

கொதிக்கக் கொதிக்க விழும் என்பதும் கட்டுக்கதைதான். எரிவது சில வினாடிகள். முன்னால் நெருக்குண்ட காற்றின் சூட்டில் மேற்பரப்பு உருகுகிறது, உருகியது அப்போதைக்கப்போதே வழித்துக்கொண்டு போய்விடுகிறது. உள்ளே விண்வெளிக் குளிர் அப்படியே இருக்கும். ஒரு கண்காட்சியில் உடைந்த விண்கல் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வெளியே நகக்கனத்துக்குக் கருகிய தோல், உள்ளே சாம்பல் நிறத்தில் சாதுவான கல். அந்தத் தோலின் மெல்லிசுதான் எனக்கு வியப்பாக இருந்தது.

இரண்டு வேகங்களையும் ஒரே நாளில் காட்டியது ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நிகழ்வு. 2013 பிப்ரவரி 15 காலையில், சுமார் 20 மீட்டர் அகலமும் 12,000 டன் எடையும் கொண்ட பாறை வினாடிக்கு 19 கிலோமீட்டர் வேகத்தில் சாய்வாக நுழைந்தது. முன்பக்கத்துக் காற்றழுத்தத்தைத் தாங்க முடியாமல் 30 கிலோமீட்டர் உயரத்தில் நொறுங்கியது. வெளிப்பட்ட ஆற்றல் ஹிரோஷிமா குண்டைப் போல முப்பது மடங்கு. ஏறக்குறைய 1,500 பேர் காயமடைந்தார்கள், பெரும்பாலும் கண்ணாடிச் சில்லுகளால். ஒளி உடனே வந்துவிட்டது. அதிர்ச்சி அலை நகரை எட்ட இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் என்ன வெளிச்சம் என்று பார்க்கப் பலர் ஜன்னலோரம் வந்து நின்றுவிட்டார்கள். (வானில் அப்படியொரு மின்னலைக் கண்டால் ஜன்னலை விட்டு விலகுங்கள்.) மிஞ்சியதில் மிகப் பெரிய துண்டு, 650 கிலோ, செபார்குல் ஏரியின் பனிக்கட்டியில் ஏழெட்டு மீட்டர் ஓட்டை போட்டு அடியில் போய் அமர்ந்தது. அது பனியைத் தொட்டபோது வேகம் வினாடிக்குச் சில நூறு மீட்டர்தான்.

காற்றால் தடுக்க முடியாத கல் எப்படி மோதும் என்பதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு மனிதர் கால் நூற்றாண்டைத் தொலைத்தார். அரிசோனாவில் 1.2 கிலோமீட்டர் அகலமும் 170 மீட்டர் ஆழமும் கொண்ட பள்ளம் விண்கல்லால் வந்தது என்று டேனியல் பாரிங்கர் சரியாகவே சொன்னார். இவ்வளவு பெரிய பள்ளம் என்றால் அடியில் இரும்பு மலையே புதைந்திருக்கும் என்று 1903இல் கம்பெனி தொடங்கித் தோண்டினார், துளையிட்டார். கிடைத்தது சுற்றிலும் சிதறிக் கிடந்த துண்டுகள்தான். 1929இல் மோல்ட்டன் என்ற வானியலாளர் கணக்குப் போட்டு, கல் அவர் நினைத்ததைவிட மிகச் சிறியது, பெரும்பகுதி ஆவியாகியிருக்கும் என்றார். பாரிங்கர் அதே ஆண்டு இறந்துபோனார்.

கணக்கு எளிது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. வினாடிக்கு 3 கிலோமீட்டரைத் தொட்டாலே எந்தக் கல்லும் தன் எடைக்குச் சமமான டி.என்.டி. ஆகிவிடுகிறது. 20 கிலோமீட்டரில் நாற்பது மடங்குக்கு மேல். அது நிலத்தைக் குடைவதில்லை, வெடிக்கிறது. அதனால்தான் சாய்ந்து வந்தாலும் பள்ளம் வட்டமாகவே இருக்கிறது, கல்லைப் போல இருபது மடங்கு அகலமாகவும் ஆகிறது. அரிசோனாப் பள்ளத்தை உண்டாக்கிய இரும்பு சுமார் 50 மீட்டர்தான். டைனோசர்களை முடித்த சிக்சுலூப் கல் 10 கிலோமீட்டர், பள்ளம் 180.

எடையை மட்டும் பார்த்து முடிவு கட்டவும் முடியாது. நமீபியாவில் கிடக்கும் ஹோபா விண்கல் 60 டன் இரும்பு, சுற்றிலும் பள்ளமே இல்லை. 2007 செப்டம்பர் 15 அன்று பெருவின் கரங்காஸ் கிராமத்தில் விழுந்ததோ சில மீட்டர்கூட இல்லாத வெறும் பாறை. நான் மேலே சொன்ன காற்றுக் கணக்குப்படி அது வானிலேயே உடைந்து, வேகம் இழந்து விழுந்திருக்க வேண்டும். 13 மீட்டர் அகலத்துக்குப் பள்ளம் பறித்துவிட்டது. அந்த ஊர் 3,800 மீட்டர் உயரத்தில், காற்று மெலிந்த இடத்தில் இருப்பது ஒரு காரணம். அது மட்டுமே போதாது என்று ஆய்வாளர்கள் இதைப் பற்றிக் கட்டுரை மேல் கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.