பூச்சித் தொல்லை: கேளுங்கள், சொல்கிறேன்

வயிற்றுப் பூச்சி பற்றிக் கொழும்பு வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு, மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் பதில் சொல்கிறார்.

வெள்ளவத்தை வாசகி: ஐந்து வயது மகள் இரவில் பின்பக்கத்தைச் சொறிந்து அழுகிறாள். மலச் சோதனையில் ஒன்றும் இல்லையாம்.

கீரிப்பூச்சி போலத்தான் இருக்கிறது. அது மலத்தில் அகப்படுவது குறைவு. பெண் பூச்சி இரவில் வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும். பிள்ளை எழும்பியதும், கழுவ முன், தெளிவான செலோடேப்பை அங்கே ஒற்றி எடுத்து, ஆய்வுகூடக் கண்ணாடித் துண்டில் ஒட்டிக் கொடுங்கள். மூன்று காலை தொடர்ந்து எடுத்தால் அனேகமாகத் தப்பாது. டொக்டர் பெரும்பாலும் மெபெண்டசோல் தருவார். அது பூச்சியைக் கொல்லும், முட்டையை விட்டுவிடும். 2 கிழமை கழித்துத் திரும்பவும் குடிப்பது அதனால்தான். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் குடிக்க வேண்டும். "எனக்குக் கடி இல்லையே" என்று நழுவும் அப்பாவும்தான். நகம் வெட்டுங்கள்.

கொட்டாஞ்சேனை வாசகர்: இனிப்புத் தின்றால் பூச்சி வருமா?

வராது. முட்டை வாய்க்குள் போனால் வரும். நகம் வெட்டுங்கள்.

தெமட்டகொடை வாசகி: வல்லாரையை வினாகிரியில் ஊறவைத்துத்தான் சம்பல் போடுகிறேன். இலையில் ஒட்டியிருக்கும் பூச்சி முட்டை சாக அது போதும்தானே?

போதாது. உருண்டைப் புழுவின் முட்டைக்கு அப்படி ஒரு கெட்டி ஓடு. ஆய்வுகூடத்தில் நாங்கள் மலத்தைக் கிருமி கொல்லும் ஃபோர்மலின் திரவத்தில் போட்டு வைப்போம். அதற்குள்ளேயே அந்த முட்டை வளர்ந்துவிடுவதுண்டு. வினாகிரி எம்மாத்திரம்? அதை ஊறவைத்துக் கொல்ல முடியாது, கழுவித்தான் அகற்றலாம். கட்டை அவிழ்த்து, சேற்றுத் தண்டை வெட்டிவிட்டு, இலை இலையாக ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள்.

வத்தளை வாசகர்: ஐயா, அம்மம்மா உப்புத் தண்ணீரில் அலசித்தான் போட்டவ. எங்களுக்கு ஒன்றும் வரவில்லை.

கொஞ்சப் புழு வயிற்றில் இருந்தால் பெரும்பாலும் ஒரு அறிகுறியும் காட்டாது. "வரவில்லை" என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அம்மம்மா நன்றாக அலசியிருப்பா. காப்பாற்றியது அந்த அலசல், உப்பு அல்ல.

தெமட்டகொடை வாசகி: அப்படியென்றால் சம்பலை விட்டுவிடவா?

ஐயோ, வேண்டாம்! கழுவப் பஞ்சி என்றால் சுண்டிச் சாப்பிடுங்கள். நன்றாகச் சூடேறினால் முட்டை சாகும்.

மருதானை வாசகர்: சொக்லேட் தின்றால்...

கொட்டாஞ்சேனைக்குச் சொன்னதை வாசியுங்கள்.

பொரளை வாசகர்: லீவுக்குத் தோட்டத்துக்குப் போனால் பிள்ளைகள் வெறுங்காலோடு திரிகிறார்கள்.

செருப்புப் போடச் சொல்லுங்கள். கொக்கிப்புழுவின் குஞ்சு ஈரமண்ணிலிருந்து பாதத்தோலைத் துளைத்து ஏறும்; பிறகு குடலில் கடித்துத் தொங்கி இரத்தம் குடிக்கும். 1916இலேயே ராக்பெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் இதற்கெதிராக வேலை தொடங்கியது. பிள்ளை வெளிறி, களைத்துத் திரிந்தால் இரத்தமும் சோதியுங்கள்.

கிருலப்பனை வாசகி: மூன்று மாதக் கர்ப்பிணி. பார்மசியில் பூச்சிக் குளிசை வாங்கலாமா?

வேண்டாம். கிளினிக்கில் கேளுங்கள்.

தெஹிவளை வாசகர்: வயிற்றோட்டம், மலத்தோடு இரத்தமும் சளியும். பூச்சியா?

அமீபாவாகவும் இருக்கலாம், பக்டீரியாவாகவும் இருக்கலாம். பூச்சிக் குளிசை இதற்கு மருந்தில்லை. இன்றைக்கே டொக்டரிடம் போங்கள்.