போகாத இடத்தின் எண்ணை எழுதாதே

கேள்வி: சுற்றுச்சூழல் அறிவியலில் எம்.எஸ்ஸி. முடித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒரு தனியார் ஆய்வகத்தில் இருக்கிறேன். ஓ.எம்.ஆர். அடுக்குமாடிகளின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போய்த் தண்ணீர் மாதிரி எடுத்து வருவதுதான் வேலை. சம்பளம் குறைவு. "பாட்டில்ல தண்ணி பிடிக்கவா ரெண்டு வருஷம் படிச்சே? பேங்க் எக்ஸாம் எழுது" என்கிறார் அப்பா. வண்டி கிடைக்காத நாட்களில் போன மாதத்துச் சோதனை எண்களையே கொஞ்சம் மாற்றிப் போடச் சொல்கிறார்கள். என் படிப்பால் இந்த ஊருக்கு ஏதாவது நன்மை உண்டா, மேடம்?
- பெயர் வேண்டாம், பெரம்பூர்

பதில்: என் மாணவிகளின் வயசுதான் உனக்கும். அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன் அம்மா.

அப்பாவின் பேச்சைப் பிறகு பார்க்கலாம். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, எண்களை மாற்றிப் போடச் சொல்கிறார்கள் என்று, அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. உன் கேள்விக்கான பதிலும் அந்த வரியில்தான் இருக்கிறது.

பாடம் நடத்திய காலத்தில் பிள்ளைகளைக் கூவம் கரைக்குக் கூட்டிப்போவேன். கரைந்த ஆக்சிஜனை அளக்கும் புட்டியில் மாங்கனீஸ் சல்பேட்டையும் கார அயோடைடையும் விட்டதும், தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகப் படியும். இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். கூவத்துப் புட்டி வெள்ளையாக நின்றபோது அத்தனை பேரும் பேச்சில்லாமல் பார்த்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு 'நாறுது' என்று சொல்வது வேறு, மீன் மூச்சுவிட ஒரு துளிகூட இல்லை என்று கண்ணால் காண்பது வேறு. நீயும் அதைப் பார்த்துப் படித்தவள்தானே?

இப்போது உன் வேலைக்கு வா. ஓர் அடுக்குமாடியில் கரண்ட் பில்லுக்குப் பயந்து சுத்திகரிப்பு நிலையத்தில் தொட்டிக்குக் காற்று ஊதும் ப்ளோயரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று வை. காற்று இல்லாவிட்டால் தொட்டியில் இருக்கிற நல்ல நுண்ணுயிர்கள் செத்துப்போகும், சாக்கடை சாக்கடையாகவே வெளியே வரும். அது மழைநீர் வடிகாலில் இறங்கினால் அப்புறம் சதுப்பு நிலமோ பக்கிங்காம் கால்வாயோதான். நீ நேரில் போயிருந்தால் வாசலிலேயே வாடையில் கண்டுபிடித்திருப்பாய். போன மாத எண்ணைப் போட்டால் அந்த நிலையம் காகிதத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். எடுத்த மாதிரியை ஐஸ் பெட்டியில் வைக்காமல் வெயிலில் விட்டாலும் பாதிப் பொய்தான். நுண்ணுயிர்கள் வழியிலேயே தின்னத் தொடங்கிவிடும், 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்க்கும் பி.ஓ.டி., அதாவது அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு, குறைவாகக் காட்டும்.

தண்ணீர் பிடிப்பதைச் சட்டமே எவ்வளவு பெரிதாக நினைக்கிறது தெரியுமா? 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவை ஒருமுறை படி. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி மாதிரி எடுத்தால் அதை எப்படிப் பிரிப்பது, எப்படி முத்திரை வைப்பது என்றெல்லாம் அதில் இருக்கிறது. அந்த முறை தவறினால் முடிவு வழக்கில் சாட்சியாக நிற்காது.

ஊருக்கு என்ன நன்மை என்று கேட்டாய். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பார். ஒரு காலத்தில் அரசுக் கணக்கிலேயே வெறும் தரிசு. ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு, இன்னொரு பக்கம் கட்டடங்கள். 2022இல் அதில் சுமார் 1,248 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஒரு நிலம் அந்தப் பட்டியலில் சேர என்ன பறவை, எத்தனை, என்ன மீன், என்ன செடி என்று கணக்குக் காட்ட வேண்டும். வருஷக்கணக்கில் சேற்றில் நின்று அதை எண்ணியவர்கள் இருந்தார்கள். அவர்கள் உட்கார்ந்த இடத்தில் எண் போட்டிருந்தால் இன்று அந்த நிலத்துக்காகப் பேச எதுவும் இருந்திருக்காது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்தது. அங்கேயும் முதலில் வேண்டியிருந்தது யாராவது நேரில் போய் எடுத்த மாதிரிதான்.

உச்ச நீதிமன்றத்தின் 1991 தீர்ப்பு சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. அதனால் இன்று பி.காம். பிள்ளையும் அதில் ஒரு பேப்பர் எழுதுகிறது, பெரும்பாலும் பரீட்சைக்கு முந்தின ராத்திரி படித்து. நீ இரண்டு வருஷம் முழுசாகப் படித்தாய். அது வீணில்லை.

ஆனால் அப்பாவிடம் கோபப்படாதே. இந்தத் துறையில் முதல் சில வருஷம் சம்பளம் குறைவுதான், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இதே இடத்தில் உட்கார்ந்திருக்கவும் சொல்லவில்லை. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி 2022-23இலிருந்து சந்தையில் பட்டியலிட்ட முதல் 1,000 பெரிய நிறுவனங்கள் தண்ணீர், மின்சாரம், கழிவுக் கணக்கை ஆண்டறிக்கையில் காட்டியாக வேண்டும். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த ஆள் அங்கே தேவை. தகவல்களைக் கணினி வரைபடத்தில் பதிந்து பார்க்கும் ஜி.ஐ.எஸ்.ஸும் கற்றுக்கொள்.

இன்னொன்று, இதை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நல்ல தமிழில் எழுதப் பழகு. ஒரு பெரிய திட்டம் வந்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று சொல்லும் தாக்க அறிக்கையின் சுருக்கம், மத்திய அரசின் 2006 அறிவிக்கைப்படி மக்கள் மொழியிலும் இருக்க வேண்டும். நான் படித்த சில தமிழ்ச் சுருக்கங்கள் எனக்கே புரியவில்லை. கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வேலையை விட்டுவிட்டு வரும் மீனவருக்கு எப்படிப் புரியும்? தன் கடலுக்கு என்ன ஆகப்போகிறது என்று அவர் படித்துத் தெரிந்துகொண்டு மைக்கைப் பிடிக்கும்படி எழுத, அறிவியலும் தமிழும் சேர்ந்த ஒருவர் வேண்டும். நீ ஏன் அந்த ஆளாகக் கூடாது?

சரி, நாளைக்கு என்ன செய்வது? ஒரு நோட்டு வாங்கு. போன இடம், நேரம், வெயிலா மழையா, யார் கூட இருந்தார்கள், எல்லாம் அன்றன்றே உன் கையெழுத்தில் எழுது. போகாத நாளுக்கு எண் போடச் சொன்னால் 'இன்று மாதிரி எடுக்கவில்லை' என்று படிவத்தில் எழுதிக் கொடு. சண்டை வேண்டாம், ஆனால் கையெழுத்தும் போடாதே. திரும்பத் திரும்பக் கேட்டால் வேறு ஆய்வகம் தேடு. ஆய்வகங்களின் தரத்துக்குத் தரும் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உண்டா, யார் மாதிரி எடுத்தார்கள் என்ற பதிவை எப்படி வைக்கிறார்கள் என்று நேர்காணலில் நீயே கேள். அப்பாவிடம் ஒரு வருஷம் அவகாசம் கேட்டுப் பார். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூவம் கரைக்குக் கூட்டிப்போய் அந்த வெள்ளைப் புட்டியைக் காட்டு.