மைக்செட்காரர் பதில்கள்

களியக்காவிளையில் நாற்பது வருஷத்துக்கும் மேலாக மைக்செட்டும் பந்தலும் வாடகைக்கு விடுகிறேன். அம்மன் கோயில் கொடைவிழாவுக்குப் போகும் அதே ஆம்ப்ளிஃபயர்தான் சர்ச் திருவிழாவுக்கும் பள்ளிவாசல் கூட்டத்துக்கும் போகும். அதனால்தானோ என்னவோ, இந்த மாதம் மதம் பற்றி வந்த கேள்விகளை எல்லாம் பத்திரிகை ஆசிரியர் கட்டாகக் கட்டி எனக்கே அனுப்பிவிட்டார்.

எங்கள் ஊரில் மதநல்லிணக்கக் கூட்டம் நடத்தப் போகிறோம். ஒரு சுவாமிஜி, ஒரு பாதிரியார், ஒரு இமாம் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எப்படி நடத்தினால் நன்றாக இருக்கும்?
*- வாசகர், மார்த்தாண்டம்*

இந்த மாதிரிக் கூட்டங்களுக்கு நிறையத் தடவை செட் போட்டிருக்கிறேன். மூன்று பேரும் ஆளுக்கு முக்கால் மணி நேரம் தங்கள் மதத்தின் பெருமையைச் சொல்வார்கள். ஒருவர் பேசும்போது மற்ற இருவரும் போனைப் பார்ப்பார்கள். கடைசியில் கை கோத்து ஒரு போட்டோ. எட்டரை மணிக்கு நான் வயரைச் சுருட்டுவேன்.

ஒரே ஒரு கூட்டம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து, "நோன்பு வச்சா எச்சில்கூட முழுங்கப்படாதாமே, நெசமா?" என்று இமாமைக் கேட்டுவிட்டார். அரங்கமே சிரித்தது. இமாமும் சிரித்துவிட்டு, வாயில் தானாக ஊறுவதை விழுங்கினால் நோன்பு முறியாது என்று விளக்கினார். அதோடு விடாமல் பக்கத்திலிருந்த சுவாமியிடம் திரும்பி, "சாமி, சபரிமலைக்கு அது என்ன 41 நாள் கணக்கு?" என்றார். மண்டலக் கணக்கிலிருந்து கிறிஸ்தவர்களின் தவக்கால 40 நாளுக்குப் பேச்சு போனது. பாதிரியார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்துவிட்டார். அந்த அரை மணி நேரம் நான் வால்யூம் குமிழைத் தொடவே இல்லை.

அதனால் பேச்சுக்கு ஆளுக்குப் பத்து நிமிஷம் போதும். மீதி நேரத்தில் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கட்டும். வாசலில் தட்டி வைக்க வாசகம் வேண்டுமென்றால் கேரளத்து ஆலுவாவுக்குப் போங்கள். 1924 சிவராத்திரியை ஒட்டி நாராயண குரு அங்கே சர்வமத மாநாடு கூட்டினார். நம் நாகர்கோவில் பக்கத்து மருத்துவாமலையில் தவம் இருந்தாரே, அவரேதான். மாநாட்டு வாசலில் அவர் மலையாளத்தில் எழுதிவைக்கச் சொன்னது: "வாதிக்கானும் ஜயிக்கானும் அல்ல, அறியானும் அறியிக்கானும் ஆணு." வாதாடி ஜெயிக்க அல்ல, தெரிந்துகொள்ளவும் தெரிவிக்கவும். நம் பக்கத்து ஆட்களுக்கு இதை மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஆசிரியர் சொன்னாரே என்று சேர்த்தேன்.

எல்லா மதமும் ஒன்றைத்தானே சொல்கின்றன? பிறகு எதற்கு இத்தனை பேச்சு?
*- கல்லூரி மாணவர், குழித்துறை*

இல்லை தம்பி. ஒரு வீட்டில் மறுபிறவி உண்டு, அடுத்த வீட்டில் கிடையாது. ஒருவர் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்கிறார். இன்னொருவருக்கு இறைவனுக்கு இணை வைப்பதே பெரிய பாவம். எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டால் மூன்று பேருமே உன்னிடம் கோபப்படுவார்கள். சபரிமலை போகும் வழியில் எருமேலிக்குப் போய்ப் பார். பேட்டை துள்ளல் ஆட்டம் ஆடி வரும் அய்யப்பமார், அய்யப்பனின் முஸ்லிம் தோழரான வாவரின் பள்ளிவாசலுக்குள் போய் வலம் வந்து காணிக்கை போட்டுவிட்டுத்தான் நடக்கிறார்கள். அங்கே தொழுபவர் தொழுகிறார், சரணம் விளிப்பவர் விளிக்கிறார்.

பக்கத்து வீட்டில் பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள். கோயில் பாயசம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வேண்டாம் அக்கா" என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் தந்த கிறிஸ்துமஸ் கேக்கை நாங்கள் சாப்பிட்டோமே! மனசு கேட்கவில்லை.
*- வாசகி, பாறசாலை*

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் கேக்கை யாருக்கும் படைக்கவில்லை, பாயசம் அம்மன் முன்னால் வைத்து எடுத்தது. அவர்களுக்கு இடிப்பது அதுதான். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் 8, 10 அதிகாரங்கள் படைத்த உணவைப் பற்றித்தான் பேசுகின்றன. அதைப் படித்துவிட்டுச் சாப்பிடும் கிறிஸ்தவர்களும் உண்டு, தொடாதவர்களும் உண்டு. வீட்டுக்கு வீடு மாறும்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். கொடை நாளில் அம்மா பாயசம் வைத்ததும், படைப்பதற்கு முன்பே ஒரு தூக்குவாளியில் கிழக்கு வீட்டுக் கிறிஸ்தவர்களுக்கு எடுத்துவைப்பாள். "இது சாமிக்கு வைக்கும் முன்ன எடுத்தது, கேட்டியா?" என்று சொல்லித்தான் கொடுப்பாள். அங்கே சிக்கல் இல்லை. என் அத்தைதான் சண்டைக்கு வந்தாள். சாமிக்கு முன்னால் மனுஷருக்கு எடுத்தால் அது எச்சில், படைக்க ஆகாது என்றாள். அவள் சொன்னதும் சரிதானே? மறுவருஷம் அம்மா இரண்டு அடுப்பு மூட்டினாள். பெரிய உருளி அம்மனுக்கு, சின்ன உருளி கிழக்கு வீட்டுக்கு. வெல்லம் இரண்டிலும் ஒரே அளவு. தூக்குவாளி வெறுமனே திரும்பி வந்ததில்லை, முந்திரிக்கொத்தோ அச்சு முறுக்கோ இருக்கும்.

நீங்கள் அந்தப் பக்கத்து வீட்டாரிடமே "எதைக் கொடுத்தால் வாங்குவீங்க?" என்று கேட்டுவிடுங்கள்.

எங்கள் முக்கில் கோயில் கொடையும் சர்ச் திருவிழாவும் ஒரே வாரத்தில் வருகின்றன. சத்தம் தாங்கவில்லை. தொழில்காரராகிய நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
*- வாசகர், கருங்கல்*

என் வயிற்றில் அடிக்கிற கேள்வி. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக் குழாய் போடக் கூடாது என்பது சட்டம். முதலில் அதை எல்லோரும் மதிக்கட்டும், நானும் சேர்த்து. அப்புறம், குழாயைத் தென்னையில் கட்டும்போது எதிர்க்கட்சிக்காரன் வாசலைப் பார்த்துத் திருப்பச் சொல்லும் கமிட்டிக்காரர்கள் உண்டு. நான் கீழ்நோக்கிச் சாய்த்துக் கட்டிவிட்டு இறங்கிவிடுவேன். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் தந்த பாங்கு நேர அட்டை என் ஆம்ப்ளிஃபயர் மேல் ஒட்டியிருக்கிறது. மஃரிப் என்கிற அந்தித் தொழுகை நேரத்துக்குப் பாட்டை நிறுத்துவேன். "பாங்கு ஆச்சா மக்கா?" என்று கேட்டுவிட்டு ஜெபமாலை தொடங்கும் பங்குத்தந்தை ஒருவர் எங்கள் பக்கத்தில் இருந்தார்.

1982 மண்டைக்காட்டைப் பற்றி இப்போது எதற்குப் பேச வேண்டும்? பழையதைக் கிளறாமல் விடுவதுதானே நல்லது?
*- வாசகர், குளச்சல்*

எனக்கு அப்போது 19 வயது, ரேடியோ செட் கடையில் கையாள். மாசிக் கொடை சமயம். கடற்கரையில் தொடங்கிய தகராறு இந்து-கிறிஸ்தவக் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் செத்தார்கள். அப்புறம் குன்றக்குடி அடிகளார் வந்தார். காவி கட்டிய ஆதீனத் தலைவர் இரண்டு தரப்பையும் பார்த்துப் பேசினார். பேசாமல் விட்டிருந்தால் ஆறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் தெருவுக்கு ரொம்ப நாள் மீன் வரவில்லை. அப்பா கருவாடு வாங்கி வருவார், யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவோம். ஒருநாள் காலையில் பழைய மீன்காரம்மா கூடையோடு படியில் வந்து நின்றாள். வழக்கமாகத் தெருமுனையிலேயே கூவிக்கொண்டு வருபவள் அன்றைக்குக் கூவவில்லை. அம்மா முந்தானையில் கை துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கூடையையே பார்த்தார்கள்.

"சாளை என்ன வெல?" என்றாள் அம்மா.

அவள் சொன்னாள்.

"கொள்ளையடிக்கியா பிள்ளே?" என்று அம்மா படியில் உட்கார்ந்தாள். அன்றைக்குப் பேரம் முடிய முக்கால் மணி நேரம் ஆனது.