கெய்ரோ வரைகலை நூலகம் (நிரலிலிருந்து கோடு, எழுத்து, படம் வரைய உதவும் மென்பொருள்): வாசகர் கேள்விகள்

கேள்வி: அகலம் 1 கொடுத்துக் கிடைக்கோடு போட்டால் 2 பிக்சல் தடிமனில் மங்கலாக வருகிறது. நூலகத்தில் பிழையா?

பதில்: இல்லை. முழு எண் என்பது பிக்சலின் விளிம்பு. கோடு அதன் மேலும் கீழும் பாதிப் பாதி விழுவதால் கறுப்பு சாம்பலாகிறது. ஒய் மதிப்பை 10-க்குப் பதில் 10.5 ஆக்குங்கள்.

கேள்வி: பிடிஎஃப் கோப்பு திறக்கவே மாட்டேன் என்கிறது.

பதில்: சர்ஃபேஸை (வரையும் தளத்தை) ஃபினிஷ் கட்டளையால் மூடாமல் நிரலை முடித்திருப்பீர்கள். பிழை உண்டா என்று சொல்லும் ஸ்டேட்டஸையும் பாருங்கள். ஒருமுறை பிழை விழுந்துவிட்டால், அடுத்து வரும் வரைதல் கட்டளைகளை கெய்ரோ சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும்.

கேள்வி: ‘செடி’ என்று எழுதினால் கொம்பு ச-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. நான்கு எழுத்துரு மாற்றிப் பார்த்துவிட்டேன்.

பதில்: நாற்பது மாற்றினாலும் அப்படித்தான் வரும். நீங்கள் கூப்பிடுவது ஷோ_டெக்ஸ்ட் என்ற கெய்ரோ கட்டளை. அதைப் ‘பொம்மை’ வசதி என்றே கெய்ரோ ஆவணம் சொல்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. யூனிகோடில் ச முதலில், கொம்பு அடுத்து. கண்ணுக்குக் கொம்பு முன்னே தெரிய வேண்டும். அந்த இடமாற்றம், எழுத்து வடிவங்களை ஒழுங்குபடுத்தும் ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தின் வேலை. அதை பாங்கோ என்ற எழுத்தமைப்பு நூலகம் கூப்பிட்டு, எந்த வடிவம் எங்கே என்று கெய்ரோவிடம் கொடுக்கும். ஆகவே பாங்கோ லேஅவுட்டுக்கு மாறுங்கள்.

சரத்தில் கொம்பைக் கையால் முன்னே நகர்த்திவிடாதீர்கள். அப்படிச் செய்த ஒரு நிரலைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். திரையில் ‘செடி’ அழகாகத்தான் இருந்தது. பிடிஎஃபில் தேடினால் ஒரு ‘செடி’கூட அகப்படவில்லை. நகலெடுத்து ஒட்டினால் குப்பை. எழுத்து படமாகத் தெரிந்தால் போதும் என்று நினைப்பது தமிழுக்குச் செய்யும் கெடுதல்.

இன்னொன்று: ஷோ_டெக்ஸ்டுக்கு நடப்புப் புள்ளி எழுத்து உட்காரும் அடிவரி (பேஸ்லைன்), லேஅவுட்டுக்கு அது இடது மேல்மூலை. மாற்றியதும் வரி கீழே இறங்கினால் மிரளாதீர்கள்.

கேள்வி: படம் வரவில்லை. அவசரம்.

பதில்: பிஎன்ஜியா, பிடிஎஃபா, திரையா? நிரல் எங்கே? ஸ்டேட்டஸ் என்ன சொல்கிறது? இந்த மூன்றும் இல்லாமல் எழுதினால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: ஏஆர்ஜிபி32 (ஆல்ஃபா, சிவப்பு, பச்சை, நீலம் சேர்ந்த 32-பிட் பிக்சல் வடிவம்) நினைவகத்தில் பாதி ஒளிபுகும் சிவப்பை நேரடியாக எழுதினேன். நிறம் கண்டபடி வருகிறது.

பதில்: ஆல்ஃபா (ஒளிபுகாமையின் அளவு) 128 என்றால் சிவப்பும் 128-தான், 255 அல்ல, நிறத்தை ஆல்ஃபாவால் முன்கூட்டியே பெருக்கி வைக்க வேண்டும். எழுதுமுன் ஃப்ளஷ் (மிச்ச வரைதலை முடிக்க), எழுதியபின் மார்க்_டர்ட்டி (நினைவகம் மாறிவிட்டது என்று சொல்ல) கூப்பிடுங்கள். ஸ்ட்ரைடை (ஒரு பிக்சல் வரிசைக்கான பைட் அளவை) நீங்களாகக் கணக்கிடாமல் நூலகத்திடமே கேளுங்கள். ஸ்டேட்டஸ் பார்க்க மறக்காதீர்கள்.

கேள்வி: விற்பனை மென்பொருளில் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம். எல்ஜிபிஎல் 2.1, எம்பிஎல் 1.1 என்ற இரண்டு உரிமங்களில் ஒன்றைத் தேர்ந்து, அதன் நிபந்தனைப்படி நடந்தால் சரி.