பிளவும் கூட்டல் கணக்கும்

அன்புள்ள ஐயா,

ஐக்கிய தேசியக் கட்சி உடையாமல் இருந்திருந்தால் 2024 ஜனாதிபதித் தேர்தலில் அநுரகுமார திசாநாயக்க வென்றிருக்க மாட்டார் என்பது என் எண்ணம். அக்கட்சியிலிருந்து பிரிந்துபோன சஜித் பிரேமதாசவுக்கு 32.76 வீதம், அதன் தலைவர் ரணில் விக்கிரமசிங்கவுக்கு 17.27 வீதம். கூட்டினால் ஐம்பதைத் தாண்டுகிறது. 1912இல் அமெரிக்காவிலும் இதுதானே நடந்தது? குடியரசுக் கட்சி டாஃப்ட் பக்கம், ரூஸ்வெல்ட் பக்கம் என்று உடைந்தது, எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் வில்சன் வென்றார். கட்சி உடைந்தால் எதிரிக்கு வெற்றி என்பது மாறாத விதி அல்லவா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கூட்டலில் பிழை இல்லை, 50.03 வருகிறது. ஆனால் அந்த இரண்டு பங்கையும் கூட்டிக்கொள்ள இலங்கைத் தேர்தல் சட்டமே வாக்காளருக்கு வழி வைத்திருக்கிறது. அவர்கள் கூட்டவில்லை.

முதலில் 1912. டாஃப்டும் ரூஸ்வெல்டும் சேர்ந்து பாதி வாக்குகளைப் பெற்றார்கள். வில்சன் 42 வீதத்தைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவின் 531 வாக்குகளில் 435 அவருக்கு. பதவியிலிருந்த டாஃப்டுக்குக் கிடைத்தவை யூட்டா, வெர்மான்ட் இரண்டின் 8 மட்டும். "டாஃப்ட் இல்லையென்றால் ரூஸ்வெல்ட்" என்று எழுத அந்த வாக்குச்சீட்டில் இடம் கிடையாது. அப்படிப்பட்ட முறையில் உங்கள் விதி பெரும்பாலும் பலிக்கும்.

இலங்கைச் சீட்டில் 1, 2, 3 என்று எழுதலாம். யாரும் பாதியைத் தாண்டாவிட்டால், முதலிரண்டு பேரைத் தவிர எல்லோரும் விலக்கப்படுவார்கள். அவர்களுடைய சீட்டுகளில் அடுத்த விருப்பு அந்த இருவரில் யாருக்கு என்று தேடி எண்ணுவார்கள். 1982 முதல் 2019 வரை எட்டுத் தேர்தல்களில் இதற்குத் தேவையே வரவில்லை. 2024இல்தான் முதன்முறையாக அந்தச் சீட்டுகளை மறுபடி பிரித்தார்கள். ஏறக்குறைய 33 இலட்சம் சீட்டுகள். அவற்றிலிருந்து சஜித்துக்கு வந்த விருப்பு வாக்குகள் 1,67,867. அநுரவுக்கு 1,05,264. சஜித்துக்கு வந்தவை அத்தனையும் ரணிலின் சீட்டுகளிலிருந்தே வந்தன என்று வைத்துக்கொண்டாலும், ரணில் பெற்ற 22,99,767இல் அது எட்டு வீதம்கூட இல்லை.

மீதிப்பேர் சஜித்தை வேண்டாமென்றார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள மாட்டேன். முப்பத்தொன்பது பெயர்கள் கொண்ட நீளச் சீட்டு. ஒரு புள்ளடி (X குறி) போட்டாலே வாக்குச் செல்லும். தலைமுறையாகப் புள்ளடி போட்டே பழகிய கை. போதாக்குறைக்கு, மேடைக்கு மேடை ஒருவரையொருவர் கிழித்துக்கொண்ட இருவரில் ஒருவருக்கு 1, மற்றவருக்கு 2 எழுத எந்த ஆதரவாளருக்கு மனம் வரும்? இந்தச் சீட்டில் இரண்டாம் விருப்பை எழுதுவது எப்படி என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொடுக்காதது எனக்கு உண்மையிலேயே வேதனை. ஒரு வாக்காளருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய உரிமைகளில் ஒன்று அது.

இன்னொன்றையும் பாருங்கள். ரணிலின் 17 வீதம் ஐக்கிய தேசியக் கட்சியின் சொத்து அல்ல. 2020 பொதுத் தேர்தலில் அந்தக் கட்சிக்கு மிஞ்சியது ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனம். சஜித்தின் ஐக்கிய மக்கள் சக்திக்கு 54. நான்கு வருடம் கழித்து ரணில் சுயேச்சையாக, எரிவாயு சிலிண்டர் சின்னத்தில் நின்றபோது, ராஜபக்ஷக்களின் மொட்டுக் கட்சியிலிருந்து பிரிந்து வந்த எம்பிக்கள் பலர் அவர் பின்னால் நின்றார்கள். அப்படியிருக்க அந்த வாக்குகளை எப்படிச் சஜித்தின் கணக்கில் எழுதுவது?

கட்சி உடையாத 2019இல் சஜித் பெற்றது 41.99 வீதம். அப்போதும் தோற்றார். 2024க்குள் அவர் இழந்தது ஒன்பது வீதம். மொட்டுக் கட்சியோ 52.25இலிருந்து நாமல் ராஜபக்ஷவின் 2.57க்கு விழுந்தது. அநுர 3.16இலிருந்து 42.31க்கு ஏறினார். இந்த ஏற்றத்துக்குக் காரணம் தேடினால், ரணில் சஜித் சண்டையைவிட 2022இன் எரிபொருள் வரிசைகளையும் மின்வெட்டையும் மக்கள் எழுச்சியையும்தான் நான் முதலில் பார்ப்பேன்.

எதிரிதான் வெல்வான் என்பதும் எப்போதும் சரியல்ல. சிறீலங்கா சுதந்திரக் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த மைத்திரிபால சிறிசேன 2014 நவம்பரில் அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷவை விட்டு வெளியேறினார். எதிரணி தன் சொந்தத் தலைவரை நிறுத்தாமல் அவரையே பொது வேட்பாளராக்கியது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 51.28 வீதத்துடன் ஜனாதிபதியானார். அங்கே பிளவின் பலன் பிரிந்துபோனவருக்கே கிடைத்தது. எதிரணியின் வாக்கு சிதறாமல் அவரிடம் வந்து சேர்ந்ததுதான் காரணம். 2024இல் அப்படி எல்லோரும் வந்து சேரக்கூடியவராகச் சஜித்தும் இல்லை, ரணிலும் இல்லை.