‘ஏதோ சீட்டு’ என்று எழுதியிருக்கிறீர்களே, தம்பி

கேள்வி: ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது 34. வீட்டில் விண்டோஸ் 11 லேப்டாப் இருக்கிறது. போனில் உள்ள எண்கள், காலண்டர், போட்டோ, ஃபைல் எல்லாம் லேப்டாப்பிலும் தானாக வந்துவிட வேண்டும். அப்படி ஒரு புதுப் போன் வாங்க 25,000 ரூபாய் வைத்திருக்கிறேன். நண்பர்கள் இ.எம்.ஐ போட்டு ஐபோன் வாங்கச் சொல்கிறார்கள். எது சரி? இன்னொரு தொல்லையும் உண்டு. போன வருடம் என் பழைய போனை அப்படியே பாலக்கோடு பக்கம் ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்குக் கொடுத்தேன். அவர் எடுக்கும் மாம்பூ, ஆட்டுக்குட்டி, ஏதோ சீட்டு எல்லாம் என் கூகுள் போட்டோஸில் வந்து இடத்தை அடைக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அழிப்பதே வேலையாகிவிட்டது. அம்மாவுக்கும் போன் பிடிபடவில்லை; எடுத்த போட்டோ காணாமல் போகிறது என்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகிறேன், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.
– வாசகர், ஓசூர்

பதில்: எந்தப் போன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், தம்பி. முதலில் இதைப் படிக்கும் கையோடு லேப்டாப்பைத் திறங்கள். கூகுள் போட்டோஸில் குப்பைத்தொட்டிப் படம் போட்ட இடத்துக்குப் போங்கள். ஞாயிறுதோறும் நீங்கள் அழித்தவை 60 நாள் வரை அங்கேதான் கிடக்கும். அத்தனையையும் தேர்ந்தெடுத்து, மீட்கும் பொத்தானை அழுத்துங்கள். முடித்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

அம்மாவின் போட்டோக்களை அழித்தது நீங்கள். ‘அப்படியே கொடுத்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அந்த ‘அப்படியே’யில்தான் எல்லாம் இருக்கிறது. போன் அம்மாவின் கைக்குப் போனது. உள்ளே இருந்த கூகுள் கணக்கு உங்கள் பெயரிலேயே நின்றுவிட்டது. அவர் எடுக்கும் ஒவ்வொரு படமும் உங்கள் கணக்கில் போய்ச் சேர்கிறது. நீங்கள் ஓசூரில் அழித்தால் பாலக்கோட்டிலும் அழிகிறது. சில போன்களில் நீக்குவதற்கு முன் அனுமதி கேட்டு ஒரு கேள்வி வரும். அது ஆங்கிலத்தில் வந்திருந்தால் அம்மா என்ன செய்திருப்பார்? மகன் கொடுத்த போன் ஏதோ கேட்கிறது என்று அழுத்தியிருப்பார். அதைத்தான் நீங்கள் ‘போன் பிடிபடவில்லை’ என்கிறீர்கள்.

போனில் உள்ளதெல்லாம் லேப்டாப்பிலும் தானாக வர வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கேட்கிறீர்களே, அதற்குப் பெயர் சிங்க். சிங்க் என்றால் இதுதான். ஒரு பக்கம் சேர்த்தால் மறுபக்கமும் சேரும், ஒரு பக்கம் எடுத்தால் மறுபக்கமும் போகும். பத்திரமாக ஒரு நகல் எடுத்து வைப்பது வேறு வேலை. அதற்குத் தனி ஹார்ட் டிஸ்க் வாங்கி, மாதம் ஒருமுறை படங்களை நகல் எடுத்துக் கழற்றி வைக்க வேண்டும். கணக்கு எழுதுகிற உங்களுக்கு இது புரியாமல் போனதுதான் எனக்கு வருத்தம். பேரேட்டில் ஒரு வரியை அடிக்கும் முன் அது யாருடைய கணக்கு என்று பார்க்க மாட்டீர்களா?

சரி, அந்த ‘ஏதோ சீட்டு’க்கு வருகிறேன். ஊரில் தனியாக இருக்கும் ஒரு தாய் எந்தச் சீட்டைப் படம் எடுப்பார்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்த்து எழுதிக் கொடுத்த சீட்டாக இருக்கும். பால் சொசைட்டிச் சீட்டு, ரேஷன் கார்டு, பட்டா நகல், கரன்ட் பில் இப்படி எதுவாகவும் இருக்கும். கண்ணாடி போட்டும் படிக்க முடியாத சின்ன எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்க எடுத்திருப்பார். நீங்கள் வந்தால் காட்டலாம் என்று எடுத்து வைத்திருப்பார். அதில் ஒன்றையாவது பெரிதாக்கிப் படித்தீர்களா? வாராவாரம் அம்மாவின் வீட்டு நடப்பு உங்கள் மேஜைக்கே வந்து நின்றிருக்கிறது. கேட்காமலே வந்திருக்கிறது. அதை இடத்தை அடைக்கிறது என்று தள்ளிவிட்டிருக்கிறீர்கள்.

மாம்பூவும் அப்படித்தான். உங்கள் ஊர்ப் பக்கம் மா பூ எடுக்கும் பருவத்தில் கிளையைப் படம் பிடிப்பது அழகுக்காக மட்டும் இல்லை. தத்துப்பூச்சி விழுந்திருக்கிறதா, பூ கருகுகிறதா என்று உரக்கடையில் காட்டி மருந்து கேட்க இப்போது எல்லோரும் போனைத்தான் நீட்டுகிறார்கள். அம்மா கடையில் போய் நின்று போனைத் தடவித் தடவிப் பார்த்து, ‘நேத்து எடுத்தேன் கண்ணு, இங்கதான் இருந்துச்சு’ என்று சொல்லியிருந்தால், அந்தக் காட்சியை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். பூப்பருவத்துப் படம் எத்தனை போயிற்றோ. 60 நாள் தாண்டியவை திரும்பாது. நீங்கள் ஊருக்குப் போகிற இடைவெளியும் அதே 60 நாள்தான், கவனித்தீர்களா?

இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வருஷக்கணக்காக இதே கடிதம் வருகிறது. பெங்களூருக்கோ ஓசூருக்கோ வேலைக்குப் போன பிள்ளை, பழைய போன், ஊரில் அம்மாவோ அப்பாவோ. பழைய போனைக் கொடுப்பதில் ஒரு தப்பும் இல்லை. பெட்டியைக் கொடுத்துவிட்டுச் சாவியை உங்கள் இடுப்பிலேயே வைத்துக்கொள்வதுதான் தப்பு. பெற்றவர்களுக்குக் கொடுக்கும் பொருள் முழுதாக அவர்களுடையதாக வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உங்களுக்கும் ஆபத்து இருக்கிறது. உங்கள் மெயில் அம்மாவின் போனில் திறந்தே கிடக்கிறது. சேமித்த பாஸ்வேர்டுகளும் அங்கே இருக்கும். கூகுள் காலண்டரில் நீங்கள் போட்ட மீட்டிங்குக்கு பாலக்கோட்டில் மணி அடிக்கும். எண்களும் கலந்துபோயிருக்கும். தெரியாத பெயர் என்று அங்கேயும் கை வைத்திருந்தால் கூகுள் காண்டாக்ட்ஸின் குப்பைத்தொட்டியையும் பாருங்கள். அங்கே 30 நாள்தான் தங்கும். மோட்டார் ரிப்பேர்காரர், நர்ஸம்மா, உழவுக்கு டிராக்டர் ஓட்டுகிறவர், இவர்கள் எண் இல்லாமல் உங்கள் அம்மா என்ன செய்வார்?

அடுத்த இரண்டு மாதம் வரை தள்ளாதீர்கள். வருகிற சனிக்கிழமை கிளம்புங்கள். ராயக்கோட்டை வழியாகப் பஸ் இருக்கிறது, ரயிலும் இருக்கிறது. அம்மா பெயரில், அம்மாவின் எண்ணில் தனி கூகுள் கணக்கு தொடங்குங்கள். போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள். அவர் படங்களை எல்லாம் கேபிள் போட்டு லேப்டாப்பில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் பேக்கப்பை அவர் கணக்குக்கு மாற்றுங்கள். எண்களை மட்டும் நீங்களாகப் பிரிக்க வேண்டாம். திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் படியுங்கள், ‘இது யாரம்மா?’ என்று கேளுங்கள், அவருக்கு வேண்டியதை அவர் கணக்கில் சேமியுங்கள். ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும். அப்புறம்தான் உங்கள் கணக்கை அந்தப் போனிலிருந்து நீக்க வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே நீக்கிவிட்டால் உங்கள் கணக்கில் சேமித்த எண்களும் அந்தப் போனிலிருந்து போய்விடும். பாஸ்வேர்டை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அவரிடமே கொடுங்கள். மறந்துபோனால் மீட்பதற்கு உங்கள் எண்ணையும் சேர்க்கலாம், அவரிடம் சொல்லிவிட்டு.

இப்போது உங்கள் போன். விண்டோஸ் லேப்டாப் வைத்திருப்பவருக்கு 25,000 ரூபாயில் ஆண்ட்ராய்டு போன் போதும். விண்டோஸ் 11-இல் போனை லேப்டாப்போடு இணைக்கும் ‘ஃபோன் லிங்க்’ செயலி ஏற்கெனவே இருக்கிறது. எஸ்.எம்.எஸ், அழைப்பு, அறிவிப்பு, அண்மையில் எடுத்த படங்கள் எல்லாம் லேப்டாப்பிலேயே தெரியும். போன் திரையையே லேப்டாப்பில் கொண்டுவரும் வசதி சாம்சங் உள்ளிட்ட சில நிறுவனங்களின் குறிப்பிட்ட மாடல்களில்தான் வரும், வேண்டுமென்றால் கேட்டு வாங்குங்கள். எண்களும் காலண்டரும் கூகுள் கணக்கு வழியாகத் தானாக வந்துவிடும், ஆனால் புது எண்ணைச் சேமிக்கும்போது சிம்மிலோ போனிலோ போடாமல் கூகுள் கணக்கில் போட வேண்டும். ஐபோன் நல்ல போன்தான். அது முழுதாக ஒத்துப்போவது ஆப்பிளின் சொந்தக் கம்ப்யூட்டரோடு. விண்டோஸில் ஃபோன் லிங்க் வழியாக அழைப்பும் மெசேஜும் வரும், படங்களுக்கு ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுடைத் தனியாகப் போட வேண்டும். இலவச இடமும் அதில் 5 ஜிபிதான், கூகுளில் 15. இதற்காக இ.எம்.ஐ எதற்கு? ஊரில் அம்மா தனியாக இருக்கும் குடும்பத்தில் அந்த மாதத் தவணைக்கு வேறு வேலை இருக்கிறது.

கடைக்கு லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள். பெட்டியில் வரும் கேபிளையே போனில் செருகி, அறிவிப்பில் ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, ஒரு வீடியோவை அனுப்பிப் பாருங்கள். வெளியில் விற்கும் மலிவுக் கேபிள்களில் பல சார்ஜ் மட்டும்தான் ஏறும், டேட்டா போகாது. அதை வைத்துக்கொண்டு போன் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்கள் நிறையப் பேர். அலுவலக லேப்டாப்பில் மட்டும் உங்கள் சொந்தக் கணக்கைப் போடாதீர்கள்.

மீட்ட படங்களில் அந்தச் சீட்டுகளை இன்று இரவே பெரிதாக்கிப் படியுங்கள். சர்க்கரை அளவு எழுதிய சீட்டாக இருந்தால் சனிக்கிழமை வரை காத்திருக்காமல் அம்மாவுக்குப் போன் போட்டு, மாத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள்.