கத்தோலிக்கத் திருச்சபை பொருளாதாரத்தில் வலதுசாரியா, இடதுசாரியா? சாமியார்கள், அதாவது கத்தோலிக்கக் குருக்கள், அரசியல் பேசுவது சரியா?

"இரண்டும் இல்லை, நடுநிலை" என்று சொல்லி நழுவ எனக்கு விருப்பமில்லை. அப்படித் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் எதையும் சொல்லாமலே முடித்துவிடுகிறார்கள். என் பதில் இதுதான்: திருச்சபையின் சமூகப் போதனை கூலியில் இருந்து தொடங்குகிறது. உழைத்தவருக்குக் குடும்பம் நடத்துகிற அளவுக்குக் கூலி கிடைத்ததா என்பது முதல் கேள்வி, சந்தையா அரசா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. சாமியார்கள் அரசியல் பேசலாமா என்பதற்கும் இதை வைத்தே பதில் சொல்லிவிடலாம்.

நான் தூத்துக்குடிக்காரன், கத்தோலிக்கக் குடும்பம். இறையியல் படித்தவன் இல்லை, பங்குப் பேரவையில் (ஊர்த் தேவாலயத்தின் ஆலோசனைக் குழு) இருந்து கோயில் வரவு செலவைப் பார்த்த அனுபவம் மட்டும் உண்டு.

இந்த விஷயத்தை எல்லாரும் 1891 மே 15 அன்று திருத்தந்தை (போப்) பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலில் (திருச்சபைக்குப் போப் எழுதும் போதனைக் கடிதம்) இருந்து தொடங்குவார்கள். நான் அதற்கு இரண்டு வருடம் முன்னால், லண்டன் துறைமுகத்தில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தச் சுற்றுமடல் யாரோ அறையில் உட்கார்ந்து யோசித்து எழுதியது என்ற நினைப்பு முதலில் போக வேண்டும்.

அந்தக் காலத்து லண்டன் துறைமுகத்தில் பெரும்பாலோருக்கு நிரந்தர வேலை கிடையாது. காலையில் வாசலில் கூட்டமாக நிற்க வேண்டும், மேஸ்திரி கை காட்டுகிற ஆள் உள்ளே போகலாம், மற்றவர்கள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். உள்ளே போனவருக்கும் மணிக்கு 5 பென்ஸ், அதிலும் ஒரே ஒரு மணி நேரம் வேலை வாங்கிவிட்டு வெளியே அனுப்பிவிடலாம். (என் தாத்தா இங்கே பழைய துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஆள் எடுக்கிற அந்தக் காலை நேரத்தைப் பற்றி அவர் சொல்லிக் கேட்டே வளர்ந்ததால், லண்டன் கதையைப் படித்தபோது எனக்கு எதுவும் அந்நியமாகத் தெரியவில்லை.) 1889 ஆகஸ்ட் 14 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. அவர்கள் கேட்டது மணிக்கு 6 பென்ஸ், அப்புறம் ஒருவரை வேலைக்குக் கூப்பிட்டால் குறைந்தது 4 மணி நேரமாவது வேலை. சில நாளிலேயே துறைமுகம் முழுவதும் நின்றது. தொழிலாளர் பக்கம் முன்னால் நின்ற பென் டில்லெட், டாம் மான், ஜான் பர்ன்ஸ் ஆகியோர் கத்தோலிக்கத் திருச்சபை ஆட்கள் இல்லை, மானும் பர்ன்ஸும் வெளிப்படையான சோசலிஸ்டுகள். ஆனால் மூட்டை தூக்கியவர்களில் ஐரிஷ் கத்தோலிக்கர்கள் ஏராளம்.

வெஸ்ட்மின்ஸ்டர் பேராயர் கர்தினால் ஹென்றி எட்வர்ட் மானிங்குக்கு அப்போது 81 வயது. அவருடைய அப்பா இங்கிலாந்து வங்கியின் ஆளுநராக இருந்தவர், அதாவது மானிங் பிறந்தது முதலாளிகளின் வீட்டில். அந்த வயதில் அவர் துறைமுகக் கம்பெனி இயக்குநர்களைத் தேடிப் போய்ப் பேசினார். அவர்கள் அசையவில்லை. பிறகு லண்டன் மேயரோடும் மற்றவர்களோடும் சேர்ந்து சமரசக் குழுவில் உட்கார்ந்தார், பாப்ளர் பகுதியில் ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் வேலைநிறுத்தக் குழுவைச் சந்தித்து மணிக்கணக்கில் பேசினார். கடைசியில் 6 பென்ஸ் கிடைத்தது, ஆனால் நவம்பர் 4 முதல்தான். தொழிலாளர்கள் அதற்கு முன்பே வேண்டும் என்று கேட்டிருந்தார்கள், காத்திருக்கச் சம்மதிக்க வைத்தது மானிங்தான். செப்டம்பர் 16 அன்று துறைமுகம் மறுபடி ஓடத் தொடங்கியது.

சமரசம் பேசியதால் அவர் கம்பெனிகளைக் காப்பாற்றினார் என்று குறை சொல்ல ஒருவர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மாதமாக வீட்டில் அடுப்பு எரியாத குடும்பங்களுக்கு அந்த ஒரு பென்னி அதிகம் எப்போது கையில் வரும் என்று எழுத்தில் உறுதி வேண்டும், அதைத்தான் அவர் வாங்கிக் கொடுத்தார். முக்கியமாக, சோசலிசம் சரியா தவறா என்று அந்த மேசையில் அவர் வகுப்பு எடுக்கவில்லை. எத்தனை மணி நேரம், எத்தனை பென்ஸ், எந்தத் தேதி என்று பேசினார். 1892 ஜனவரியில் அவர் இறந்தபோது இறுதி ஊர்வலத்துக்குத் தெருவெல்லாம் கூட்டம், தொழிற்சங்கக்காரர்களும் வந்து நின்றார்கள்.

இந்த மாதிரி ஆட்களின் அனுபவம்தான் ரோமுக்குப் போய்ச் சேர்ந்தது. ஜெர்மனியில் மைன்ஸ் நகர ஆயர் (பிஷப்) கெட்டலர் 1860களிலேயே தொழிலாளர் பிரச்சினை பற்றி எழுதினார், அமெரிக்காவில் கர்தினால் கிப்பன்ஸ் 1887இல் 'நைட்ஸ் ஆஃப் லேபர்' சங்கத்தைத் தடை செய்யக் கூடாது என்று ரோமிடம் வாதாடினார். அப்புறம்தான் 'ரேரும் நோவாரும்' வந்தது.

அந்தச் சுற்றுமடலில் தனியுடைமை மனிதனின் உரிமை என்று அழுத்தமாக எழுதியிருக்கிறது, சோசலிசத்தை நேரடியாக மறுக்கிறது. வலதுசாரி நண்பர்கள் இந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். அதே மடலில் தொழிலாளர் சங்கம் அமைப்பது இயற்கை உரிமை என்று இருக்கிறது, பலவீனமானவர்களை அரசு தனி அக்கறையோடு காக்க வேண்டும் என்று இருக்கிறது, இடைக்கால இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாசைக் காட்டி, சொத்து உன் பெயரில் இருந்தாலும் அடுத்தவனின் தேவை என்று வரும்போது அது எல்லாருக்கும் பொது என்று இருக்கிறது. இடதுசாரி நண்பர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் படிப்பார்கள். 1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல் தனியுடைமை நிபந்தனையற்ற உரிமை அல்ல என்று இன்னும் உடைத்துச் சொன்னபோது, அமெரிக்காவின் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' அதைப் பழைய மார்க்சியத்தைச் சூடு பண்ணிப் பரிமாறியது என்கிற பாணியில் தாக்கியது. 1991இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சந்தையைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னதும் அதே வட்டாரத்துக்குச் சந்தோஷம். சட்டத்தின் கட்டுக்குள் நிற்காத சந்தையை அவரும் ஏற்கவில்லை என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

எனக்கு அந்த 1891 மடலில் மிக முக்கியமாகப் படுவது ஒரே ஒரு இடம். "அவன் ஒத்துக்கொண்டுதானே வேலைக்கு வந்தான், பேசிய கூலியைக் கொடுத்துவிட்டோம், அப்புறம் என்ன அநியாயம்?" என்ற வாதத்தை லியோ எடுத்து, அது செல்லாது என்கிறார். பசியாலும் பயத்தாலும் ஒருவன் குறைந்த கூலிக்குத் தலையாட்டினால் அது சம்மதம் ஆகாது, அவன் வற்புறுத்தலுக்கு ஆளானவன். திருச்சபைப் போதனைகளின் தொகுப்பான இன்றைய மறைக்கல்வி நூலும் இதையே சொல்கிறது: இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டது என்பதாலேயே கூலி நியாயமாகிவிடாது. கூலியைப் பிடித்து வைப்பது வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களில் ஒன்று என்ற போதனைக்கு பைபிளில் உள்ள யாக்கோபு திருமுகமே ஆதாரம், அறுவடை செய்தவனின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று அங்கே இருக்கிறது. இந்த ஒரு வாதத்தை நேர்மையாக ஏற்றுக்கொண்டால் இன்றைய ஒப்பந்தக் கூலி முறையில் பாதி நிற்காது. 2025 மே மாதம் பதவிக்கு வந்த திருத்தந்தை, பதின்மூன்றாம் லியோவை மனதில் வைத்துத்தான் பதினான்காம் லியோ என்ற பெயரை எடுத்ததாகவும், அன்று தொழிற்புரட்சி என்றால் இன்று செயற்கை நுண்ணறிவு என்றும் சொன்னது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம் தந்தது.

இதே போதனையைக் கெட்ட வழிக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள், அதை மறைக்கக் கூடாது. திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் (பயஸ்) 1931இல் எழுதிய சுற்றுமடலைக் காட்டித்தான் ஆஸ்திரியாவின் ஆட்சித் தலைவர் டோல்ஃபுஸ் 1934இல் கட்சிகள் இல்லாத 'கிறிஸ்தவ அரசு' அமைத்தார், அதற்குச் சில மாதம் முன்னால் வியன்னாவில் தொழிலாளர் குடியிருப்புகள் மீது பீரங்கி சுட்டார்கள். கூலியைப் பற்றிப் பேச வந்த மதம் அதிகாரத்தில் போய் உட்கார்ந்தால் இதுதான் நடக்கும் என்பதற்கு எனக்கு இந்த ஒரு உதாரணம் போதும். மறுபக்கம், 1980 ஆகஸ்டில் போலந்தின் கிதான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் வாசல் கம்பிகளில் திருத்தந்தை படத்தை மாட்டிவைத்து உள்ளேயே திருப்பலி கண்டார்கள். எதிரே நின்றது தொழிலாளர் அரசு என்று தன்னைச் சொல்லிக்கொண்ட கம்யூனிஸ்ட் அரசு. அடுத்த வருடமே இரண்டாம் ஜான் பால், மூலதனத்தை விட உழைப்புக்கே முதலிடம் என்று தனியாக ஒரு சுற்றுமடல் எழுதினார். முதலாளி தனியாராக இருந்தாலும் அரசாக இருந்தாலும் கேள்வி மாறவில்லை.

சரி, சாமியார்களும் அரசியலும். திருச்சபைச் சட்டமே தெளிவாக இருக்கிறது: அருட்பணியாளர்கள் ஆட்சி அதிகாரம் உள்ள பதவி ஏற்கக் கூடாது, கட்சிகளில் தீவிரமாக இறங்கக் கூடாது. அமெரிக்காவில் ராபர்ட் ட்ரைனன் என்ற இயேசு சபைச் சாமியார் பத்து வருடம் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார், 1980இல் ரோம் சொன்னதும் மறுபடி போட்டியிடாமல் விலகினார். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பூசை மேடையில் இருந்து "இந்தச் சின்னத்துக்குப் போடுங்கள்" என்று சொல்வது தவறு, எந்தச் சின்னமாக இருந்தாலும் தவறு, கோயிலில் எல்லாக் கட்சிக்காரனும் முழந்தாள் போடுகிறான்.

ஆனால் கட்சி பேசக் கூடாது என்பதை, நியாயம் பேசக் கூடாது என்று திருப்புகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. திருச்சிப் பக்கம் பிறந்த இயேசு சபைச் சாமியார் ஸ்டான் சுவாமி எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்கவில்லை. ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நில உரிமைக்காகவும், விசாரணையே முடியாமல் சிறையில் கிடந்த இளைஞர்களுக்காகவும் பேசினார். 2020 அக்டோபரில் உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்டத்தில் கைதானார். குற்றச்சாட்டை அவர் மறுத்தார், வழக்கு விசாரணைக்கு வரும் முன்பே, ஜாமீன் கிடைக்காமல், 2021 ஜூலை 5 அன்று 84 வயதில் இறந்தார். அவர் செய்தது அரசியல் என்றால், மானிங் செய்ததும் அரசியல்தான், எனக்கு இரண்டும் நற்செய்திப் பணியாகவே தெரிகிறது.

பொதுநிலையினர், அதாவது சாமியார் அல்லாத சாதாரண கத்தோலிக்கர்கள், அரசியலில் இருப்பது வேறு, அவர்கள் இருக்கத்தான் வேண்டும். அங்கே வருகிற ஆபத்து, தன் கட்சிக் கொள்கைக்குத் தோதாக விசுவாசத்தை வெட்டித் தைப்பது. அமெரிக்கத் துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் 2019இல் கத்தோலிக்கரானவர். 2025 ஜனவரியில் குடியேறிகளைப் பற்றிய விவாதத்தில், முதலில் குடும்பம், பிறகு அக்கம்பக்கம், பிறகு சொந்த நாட்டுக்காரர், கடைசியில்தான் உலகம், இதுதான் கிறிஸ்தவ அன்பின் வரிசை என்றார். பிப்ரவரி 10 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அமெரிக்க ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில் அவர் பெயரைச் சொல்லாமலே, அன்பின் சரியான வரிசையைத் தெரிந்துகொள்ள வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு உதவியவரைப் பற்றி இயேசு சொன்ன நல்ல சமாரியர் உவமையைத் தியானியுங்கள் என்றார். குடும்பத்தை முதலில் பார்ப்பது தவறில்லை, எல்லாரும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் அந்த உவமையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கடந்துபோன குருவும் லேவியரும் (கோயில் பணியாளர்) இப்படி ஒரு வரிசையை மனதில் வைத்துத்தான் நடந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது எனக்கு மிகவும் வலிக்கிற இடத்துக்கு வருகிறேன். 1971இல் ரோமில் கூடிய ஆயர் மாமன்றம், நீதியைப் பற்றிப் பேசத் துணிகிறவர் முதலில் மற்றவர் கண்ணுக்கு நீதியுள்ளவராக இருக்க வேண்டும் என்றும், திருச்சபைக்கு உழைக்கிறவர்களுக்குப் போதுமான ஊதியம் தர வேண்டும் என்றும் எழுதிவைத்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1286ஆம் விதி, சொத்து நிர்வாகிகள் நாட்டின் தொழிலாளர் சட்டத்தைக் கடைப்பிடிக்க வேண்டும், குடும்பத்துக்குப் போதுமான நியாயமான கூலி கொடுக்க வேண்டும் என்கிறது. இது சட்டம், அறிவுரை இல்லை.

என் உறவுக்காரப் பெண் ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் சுயநிதிப் பிரிவில் ஆசிரியையாக இருந்தாள். அதே வளாகத்தில் அரசுச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் பெறுவதில் ஐந்தில் ஒரு பங்குகூட அவளுக்கு வரவில்லை, மே மாதம் சம்பளமே கிடையாது. அந்த மே மாதம் முதல் தேதியில்தான் நாம் உழைப்பாளரான புனித சூசையப்பர் திருநாளைக் கொண்டாடுகிறோம், 1955இல் பன்னிரண்டாம் பத்திநாதர் தொழிலாளர்களுக்காகவே ஏற்படுத்திய திருநாள். பாடற்குழு, மாலை, மறையுரை எல்லாம் உண்டு. கேட்டால் "சேவை மனப்பான்மை வேண்டும்" என்பார்கள். சேவை, கொடுக்கிறவர் தானாகக் கொடுப்பது. மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் அதை வசூலிக்க முடியாது.

கோயில்பிள்ளை (தேவாலயப் பணியாளர்), உபதேசியார் (மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவர்), கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர், கூட்டிப் பெருக்குகிற அம்மா, இவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்குகிற வேலை ஏன் எப்போதும் ஒரே சாதிக்காரருக்கே போகிறது என்ற கேள்வியும் இதோடு சேர்ந்ததுதான். இரண்டாம் ஜான் பால் 2003இல் தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது, கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பாகுபாடு உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கே எதிரானது என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார். கிறிஸ்துமசுக்கு, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையார் அந்த அம்மாவுக்குப் புடவையும் அரிசியும் கொடுக்கிறார்கள், கொடுக்கட்டும், நல்ல காரியம். ஆனால் பன்னிரண்டு மாதமும் ஒழுங்கான கூலி கொடுத்திருந்தால் அவர் அந்த வரிசையில் நிற்க வேண்டியதே இல்லை.

எங்கள் பங்குப் பேரவையில் நாங்கள் சிலர் 1286ஆம் விதியைத் தமிழில் எழுதிப் பங்குத்தந்தையிடம் கொடுத்தோம். அவர் கோபப்படவில்லை, வாசித்துவிட்டுத் திருவிழாச் செலவுக் கணக்கைக் கொண்டுவரச் சொன்னார். பட்டாசுக்கும் மின் அலங்காரத்துக்கும் போன தொகையைப் பார்த்த பிறகு கோயில்பிள்ளையின் சம்பளம் கூடியது, இப்போது மாதம் முதல் தேதி வங்கிக் கணக்கில் ஏறுகிறது. பெருக்குகிற அம்மாவின் சம்பளம் அடுத்த கூட்டத்தில் வருகிறது. உங்கள் பங்கில் எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், ஆண்டு வரவு செலவு அறிக்கை வாசிக்கும்போது "ஊழியர் ஊதியம்" என்ற வரியில் எத்தனை பேருக்கு எவ்வளவு என்று எழுந்து கேளுங்கள்.